நீர்மோர்ப் பந்தலைத் தாண்டிப் போனவள்

“இன்னா தெரியுது, சொல்லு.”

என் மாமா மகளை நினைத்தால் முதலில் காதில் விழுவது இந்த வார்த்தைகள்தான். அவள் பெயரை எழுதப் போவதில்லை. அவளுடைய பிள்ளைகள் ஆரணியில் இருக்கிறார்கள், பேரப்பிள்ளைகளும் நன்றாகப் படிக்கிறவர்கள். அவளைப் பற்றித்தான் எழுதுகிறேன். குற்றம் என்னுடையது. ஆகவே என் பெயரைத்தான் எழுத வேண்டும், அதற்கும் துணிவு வரவில்லை.

பிள்ளையார்பாளையத்து நெசவாளர் தெருவில் எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே நான்கு வீடுகள். என் அம்மாவின் அண்ணன் மகள். என்னைவிட இரண்டு வயது சிறியவள். அவளுக்குத் தூரத்தில் இருப்பது எதுவும் தெரியாது என்பது அவளுடைய பன்னிரண்டு வயதுவரை பெரியவர்கள் யாருக்கும் தெரியவில்லை. அவள் ஒருநாளும் சொல்லவில்லை. எல்லோருக்கும் அப்படித்தான் தெரிகிறது, மற்றவர்கள் ஊகித்துச் சொல்வதில் கெட்டிக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்ததாகப் பின்னால் சொன்னாள். பக்கத்தில் இருக்கிறவரைக் கேட்பாள். அவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்வாள்.

அவள் பக்கத்தில் பெரும்பாலும் நான்தான் இருந்தேன். சினிமாக் கொட்டகையில் மணல் தரையில் உட்கார்ந்து படம் பார்ப்போம். திரையில் வெளிச்சம் அசைவது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். என் முழங்கையை இடித்துக்கொண்டே இருப்பாள். முதலில் உள்ளதைச் சொன்னேன். பிறகு அலுப்பில் என் இஷ்டத்துக்குச் சொல்லத் தொடங்கினேன். ஒருமுறை திரையில் கதாநாயகிக்கு வளைகாப்பு நடந்துகொண்டிருந்தது. நான், “செத்துப்போயிட்டா, பாடை கட்றாங்க” என்றேன். அவள் தேம்பி அழுதாள். முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் திரும்பிப் பார்த்து, “வளைகாப்புக்கு இன்னாத்துக்குமா அழுவறே?” என்று கேட்டார்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். தெரு முனையில், “நீ சொன்ன படந்தான் நல்லாருந்துது” என்றாள். அடுத்த படத்துக்கும் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள்.

பள்ளிக்கூடத்துக்கு வந்த கண் டாக்டர்தான் கண்டுபிடித்தார். கறுப்புச் சட்டத்தில் தடித்த மூக்குக்கண்ணாடி வந்தது. அதைப் போட்டுக்கொண்டு பார்த்த முதல் படத்தில் இடைவேளை வரை அவள் வாயே திறக்கவில்லை. வெளியே வந்ததும், “இவ்ளோதானா?” என்றாள்.

ஆனால் கேட்கும் பழக்கம் போகவில்லை. கண்ணாடி போட்ட பிறகும், கோபுரத்து மேல் என்ன, பஸ்ஸில் யார் என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுவிட்டுத்தான் பார்ப்பாள். தான் கண்டதையும் பிறர் சொன்னதையும் ஒத்துப் பார்ப்பாள். ஒத்து வராவிட்டால் பெரும்பாலும் தன் கண்ணைத்தான் சந்தேகப்படுவாள்.

இதனால் அவளை அசடு என்று யாராவது நினைத்தால் அது தவறு. ஒரு சாண் தூரத்துக்குள் வந்துவிட்ட எதிலும் அவளை ஏமாற்ற முடியாது. தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு முடிந்ததும் அதன் இழை நுனிகளோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். சாம்பலைத் தொட்டு விரல்களால் முறுக்கிக்கொண்டே போவாள், ஓர் இழை மாறாது. நான்கு தெருக்களிலிருந்து பாவு பிணைக்க அவளைக் கூப்பிடுவார்கள். ஒரு வியாபாரி நல்ல ஜரிகை என்று கொண்டுவந்து மாமாவிடம் கொடுத்தார். அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு நுனியைப் பிரித்து மூக்கருகே வைத்துப் பார்த்தாள்.

“இது சுத்த ஜரிகை இல்ல.”

“சின்னப் பொண்ணு, உனக்கு இன்னாமா தெரியும்?” என்றார் அவர்.

“எனக்கு உங்க மொகம் தெரியல. இது தெரியுது.”

அதன் பிறகு அந்த வியாபாரி எங்கள் தெருப்பக்கம் வரவில்லை.

அவளுக்குப் பதினெட்டு நடந்தபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். சட்டைக் காலர் நாய்க் காதுபோல நீண்டு தொங்கிய காலம். எங்கள் இரு குடும்பங்களிலும் கல்லூரிக்குள் கால் வைத்தவன் நான் ஒருவன்தான். அவள் என்னை “காலேஜு” என்றே கூப்பிட்டாள். “இன்னா காலேஜு, இன்னிக்கி இன்னா கத்துக்கினு வந்தே?” அவள் எனக்கு முறைப்பெண். ஆனால் தறியை விட்டுத் தாலுகா ஆபீசில் குமாஸ்தா ஆகியிருந்த என் அப்பாவுக்கு அப்படி ஓர் எண்ணமே இல்லை. எனக்கும் இல்லை. இதை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்தது எதுவும் இதோடு பொருந்தாது.

கன்னியப்பன் என்னோடு பள்ளி இறுதி வரை படித்தவன். சாயப்பட்டறைக்காரர் மகன். சாயம் ஏற்றிய நூல்கழிகளை, வளையமாகச் சுற்றிய நூல் கற்றைகளை, சைக்கிளில் மாட்டிக்கொண்டு வீடுவீடாகக் கொண்டுவந்து கொடுப்பான். எந்த நாளிலும் அவன் கைகள் முழங்கை வரை ஏதோ ஒரு நிறத்தில் இருக்கும். அதிகம் பேசாதவன். மாமா வீட்டு வாசலில் மட்டும் அவனைப் பேச வைத்துவிடுவாள்.

“இது இன்னா கலரு?”

“மாம்பழக் கலருமா.”

“எந்த ஊரு மாம்பழம்? ஒரு பக்கம் பழம், ஒரு பக்கம் காயி. கிட்ட கொண்டா, அப்பால பேசு.”

“காஞ்சா சரியாப்பூடும்.”

“எத்தினி வருசமா நீயும் வெயில்ல காஞ்சிக்கினு இருக்கே. சரியாவலியே, நூலு எங்க சரியாவும்?”

அவன் காது மடல்கள் சிவந்துவிடும். கழியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய் மறுநாள் கொண்டுவருவான். மறுநாளும் ஏதாவது குறை இருக்கும். வேண்டுமென்றே குறையோடு கொண்டுவந்தான் என்று இப்போது எனக்குப் படுகிறது.

ஒருநாள் சைக்கிளை உருட்டிக்கொண்டு என்னோடு நடந்தபோது அவன் சொன்னான்: “உங்க மாமா பொண்ணு கண்ணாடிய மூக்கு மேல ஏத்திக்கினு நூல பாக்கச்சொல்லோ எனக்கு பயமா இருக்குதுடா. பரீட்ச பேப்பர திருத்துற மாரி.”

அதே வாரம் அவள் என்னிடம் சொன்னாள்: “காலேஜு, ஒண்ணு சொல்றேன், அம்மா கைல சொல்லாதே. அவரு நூலு கொண்டாரச்சொல்லோ நான் கையத்தான் பாக்கறேன். மொகத்த பாத்தா எனக்கு சிரிப்பு வந்துடுது. இது இன்னாது?”

அது என்ன என்று எனக்குத் தெரிந்தது. அவன் பயம் என்ன என்றுதான் தெரியவில்லை. அந்த வயதில் பயத்தை வெறுப்பு என்று எடுத்துக்கொண்டேன். பாவம், இவளுக்கு அவன்மேல் ஆசை, அவனுக்கு இவள் கண்ணாடியைக் கண்டால் ஆகவில்லை. நான் சரிசெய்துவிடுவேன். எப்படி என்று எனக்குச் சினிமா சொல்லிக் கொடுத்திருந்தது.

எந்தப் படம் என்று சொல்லத் தேவையில்லை. இன்றும் அதே கதை ஓடுகிறது. போன மாதம் என் பேத்தி கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்த படத்திலும் அதுதான். கண்ணாடி போட்டு, எண்ணெய் வழிய இரட்டைச் சடை பின்னிய பெண்ணை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒருநாள் யாரோ அவள் கண்ணாடியைக் கழற்றி, கூந்தலை அவிழ்த்துவிடுகிறார்கள். மாடிப்படியில் இறங்கி வருகிறாள். கீழே நிற்பவன் வாயைப் பிளக்கிறான். அவன் மட்டும் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. முன்பு அவளைப் பார்க்காமல் இருந்தது யாருடைய கோளாறு என்று படம் கேட்பதும் இல்லை. நாங்கள் பார்த்த ஒரு படத்தில் இந்தக் கட்டம் வந்தபோது கொட்டகையே கைதட்டியது. இவள் மட்டும் என் காதில், “கண்ணாடி இல்லாம படில எப்படிபா எறங்குறா? வுழுந்துட மாட்டாளா?” என்று கேட்டாள். நான் விழுந்து விழுந்து சிரித்து, கல்லூரி நண்பர்களிடமும் அதைச் சொன்னேன். அந்தக் கதையைப் பற்றி என் காதில் விழுந்த ஒரே புத்திசாலித்தனமான கேள்வி அதுதான்.

வைகாசிக் கருட சேவைக்கு முந்தின நாள் அவளிடம் பேச்சை எடுத்தேன்.

“கன்னியப்பனுக்கு உன்னப் பாத்தா பயமாம்.”

“பயமா? நான் இன்னா பேயா?”

“நீ இல்ல. அந்தக் கண்ணாடி. நாளைக்கு அத கழட்டிடு. தலைக்கு ஊத்திக்கினு தளர ஒத்தச் சடை போடு. அத்தையோட அரக்குப் பொடவ கட்டிக்கோ. பந்தல்ல அவன்தான் மோர் ஊத்துவான், நேரா அங்க போறோம்.”

“கழட்டினா எனக்கு ஒண்ணுமே தெரியாதே.”

“உனக்குத் தெரிய வேணாம். அவனுக்குத் தெரிஞ்சா போதும்.”

இதை நல்ல வசனம் என்று நினைத்து நான் சொன்னேன். அவள் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தாள், மறுபடி போட்டுக்கொண்டாள். “சரி. நீ கூட வா. நீ பாத்து சொல்லு” என்றாள்.

மறுநாள் விடிந்ததும் போனேன். அவள் உள்ளேயிருந்து வந்தாள். நான் எழுத வந்த விஷயத்திலேயே எனக்குக் குழப்பமான இடம் இதுதான். பதினெட்டு வருடமாகப் பார்த்த முகம். கண்ணாடி இல்லாததால் அவள் கண்கள் எதிலும் நிலைக்காமல், தூரத்தில் எதையோ கேட்டுக்கொண்டிருப்பதுபோல விரிந்திருந்தன. சரியாகத் தெரியாத ஒருத்தியின் தடுமாற்றம் அது. எனக்கு அது அழகாகத் தெரிந்தது. அவள் அம்மா, என் அத்தைகூட, “என் கண்ணே பட்டுடும்போல இருக்குது” என்று விரல்களை நெற்றியில் வைத்து முறித்தாள்.

அவள் நிலைக்கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றாள். கிட்டப் போனாள். மூக்கு அதில் முட்டியது, மூச்சுபட்டு அது மங்கியது. முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

“ஒவ்வொரு கண்ணா பாத்துட்டேன். மொத்தமா எப்படி இருக்கேன், நீ சொல்லு.”

“நல்லாருக்கே” என்றேன். என் குரல் எனக்கே வேறாகக் கேட்டது.

எங்கள் தெருக்களில் அப்போது பையனும் பெண்ணும் பொது இடத்தில் பேசிக்கொள்வது கிடையாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மறுநாள் ஊரே அதைப் பேசும். எல்லாம் கண்ணால்தான். அவன் பார்ப்பான், அவள் பார்ப்பாள், அவள் தலையைத் திருப்புவதற்கு முன்னால் ஒரு கணம் தாமதிப்பாள். அந்தத் தாமதம்தான் சம்மதம். மாமா வீட்டு வாசலில் அவர்கள் எவ்வளவு பேசினாலும் அது நூல் வியாபாரம். கருட சேவையில் பார்த்துக்கொள்வதுதான் பேச்சு. தெரு முழுவதும் அறிந்த இந்த வழக்கத்தை அறியாதவன்போல, அதற்கு வேண்டிய ஒரே சாமானைக் கழற்றி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவளை அழைத்துப் போனேன். என்ன படித்தேனோ.

ராஜவீதி முனையில் சாயக்காரர்கள் நீர்மோர்ப் பந்தல் போட்டிருந்தார்கள். நாதஸ்வரமும் வேட்டுச் சத்தமுமாக இருந்தது. குடைகள் முன்னால் போய்க்கொண்டிருந்தன. அத்தை நாலடி முன்னால் நடந்தாள். என் பக்கத்தில் அவள், கூட வந்த என் சின்னத் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நடந்தாள். குனிந்து நட என்றால் தடுக்கி விழுவாள் என்று நான்தான் நேரே பார்த்து நடக்கச் சொல்லியிருந்தேன்.

கன்னியப்பன் பந்தலின் முன்பக்கத்தில் நின்றான். வெள்ளைச் சட்டை. கைகள் சுத்தமாக இருந்தன. புளியும் மணலும் போட்டு எவ்வளவு நேரம் தேய்த்தானோ, தோல் சிவந்திருந்தது. அவளைப் பார்த்தான். ஒரு தம்ளரில் மோரை ஊற்றி, கூட்டத்துக்கு மேலாக அவள் வரும் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றான். சிரித்தான். அப்படி அவன் சிரித்து நான் பார்த்ததில்லை. அவளுக்கும் அவனுக்கும் பத்தடிகூட இருக்காது. அவள் அவனுக்கு நேராகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னா தெரியுது, சொல்லு” என்றாள் என் காதருகே.

“அவன் இல்ல. இன்னும் வரல” என்றேன்.

அவள் தலை நிமிர்ந்தபடியே பந்தலைத் தாண்டிப் போனாள். நீட்டிய தம்ளரை யாரோ ஒரு கிழவர் வாங்கிக் குடித்தார்.

ஏன் சொன்னேன்? ஐம்பது வருடத்துக்கு மேல் யோசித்தாகிவிட்டது. அவளை எனக்கு வேண்டும் என்று நினைத்தேனா? அப்படியென்றால் கேட்டிருக்கலாம், மாமா உயிரைக் கொடுத்தாவது கட்டிக் கொடுத்திருப்பார். நான் கேட்கவே இல்லை. வீடு திரும்பியதும் அவள் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டாள். அந்த நிமிடமே பழைய மாமா மகள் ஆகிவிட்டாள், என் நெஞ்சில் ஒன்றும் இல்லை. கழற்றினால் மறுபடி என்னவோ செய்தது. அப்படியானால் நான் பொறாமைப்பட்டது யாருக்காக? அவளுக்காகவா, நானே செய்துவைத்த ஒரு முகத்துக்காகவா? நான் செய்த அலங்காரத்தை இன்னொருவன் எடுத்துக்கொண்டு போவதா என்றா? தெரியவில்லை. ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும், அவளுடைய விருப்பம் என்ன என்பது அந்தக் கணத்தில் என் நினைவிலேயே இல்லை.

பிறகு நடந்ததற்கு அந்தக் கணத்தையும் சாக்காகச் சொல்ல முடியாது. “இன்னும் கொஞ்ச நாள் கழட்டியே வை, அவன் கண்ல படட்டும்” என்றேன். வெள்ளிக்கிழமைகளில் அத்தையோடு கோயிலுக்குப் போகும்போது அவள் கண்ணாடி இல்லாமல் சாயப்பட்டறையைக் கடந்தாள். நான் கூடவே போய், அவன் இருந்தால் இல்லை என்றும், பார்த்தால் பார்க்கவில்லை என்றும் சொன்னேன். கொட்டகை மணலில் உட்கார்ந்து சொன்ன அதே குரல். தெருப் பெண்கள் அவளைப் புகழ்ந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை அவள் எதிரே வந்த சைக்கிளில் மோதி முட்டியைச் சிராய்த்துக்கொண்டாள். அதற்கும் சிரித்தாள்.

நூல்கழி கொண்டுவர இப்போது கன்னியப்பனின் தம்பி வந்தான். அவள் அவனிடம் குறை எதுவும் சொல்லாமல் வாங்கிக்கொண்டாள்.

ஆனி மாதத்தில் ஆரணியிலிருந்து பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். அன்று அவள் என்னைக் கூப்பிட்டாள். கண்ணாடி போட்டிருந்தாள்.

“அவருக்கு கொஞ்சமாச்சும் மனசு இருந்துதுன்னா நான் அப்பா கைல சொல்லி இத நிறுத்திடுவேன். இல்லன்னா வேணாம். நானா போயி கேக்க முடியாது. நீ கேட்டு சொல்லு, காலேஜு. ஒரு வார்த்த.”

பட்டறைக்குப் போனேன். கன்னியப்பன் கொதிக்கும் அண்டாவில் கழிகளைக் கோலால் புரட்டிக்கொண்டிருந்தான். கைகள் நீலம். நான் வாயைத் திறக்கும் முன் அவனே கேட்டான்.

“உங்க மாமா பொண்ணுக்கு இன்னாடா ஆச்சு? அழகா ஆனதும் நாங்கல்லாம் ஆளா தெரியலயா?”

அவன் கோலை அண்டாவின் விளிம்பில் சாய்த்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

“நீ பக்கத்துலதான இருந்தே. நெசத்த சொல்லு. அன்னிக்கி பந்தல்ல அவ என்னப் பாத்தாளா, இல்லியா? பாக்கலன்னு நீ சொன்னா நான் நம்பறேன்டா.”

அவனுக்கு அவள் கண்ணின் நிலைமை தெரியாது. கண்ணாடி படிப்பதற்கும் நூல் பார்ப்பதற்கும் என்று நினைத்திருந்தான். நான் சொல்ல வேண்டியது உண்மை. கண்ணாடி இல்லாமல் அவளுக்குத் தெரியாது என்ற மிகச் சின்ன வாக்கியம்.

“பாத்தா” என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். அண்டாவின் பக்கம் திரும்பிக்கொண்டான். “சரி வுடு. ஆரணி எடம் நல்ல எடமாம். அங்கேயே பண்ணட்டும்” என்றான்.

ஆவணியில் கல்யாணம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டே மணவறையில் உட்கார்ந்தாள். கழற்றச் சொன்ன ஆரணிக்காரர்களிடம் மாப்பிள்ளையே, “அது இருக்கட்டும், தாலி கட்றது யாருன்னு அவ பாக்க வேணாமா?” என்று சொன்னதாகக் கேள்வி. நல்ல மனிதர். அவள் துன்பப்பட்டாள் என்று நான் சொல்லவில்லை, அதைச் சொல்லும் உரிமைகூட எனக்கு இல்லை. கன்னியப்பனும் மறு வருடம் கல்யாணம் செய்துகொண்டான். நான் பாங்கி வேலை கிடைத்து வடக்கே போனேன். கல்யாண வீடுகளில் பார்த்தால், “இன்னா காலேஜு, தலை நரைச்சிப்போச்சே” என்பாள். ஒவ்வொரு முறையும் சொல்லிவிட நினைத்தேன். அவள் போய்ச் சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது.

இங்கே நான் சொல்லாமல் விட்டது பட்டறையிலிருந்து திரும்பிய மாலை. அவள் கூடத்தில் பாவு பிணைத்துக்கொண்டிருந்தாள். விரல்களில் சாம்பல். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

“அவனுக்கு மனசு இல்லியாம். ஆரணி எடமே நல்லதுன்னு சொன்னான்.”

அவள் விரல்களில் இருந்த சாம்பலை முந்தானையில் துடைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

“இத வந்து சொல்றதுக்கு உனக்கு எவ்ளோ கஷ்டமா இருந்துருக்கும். மொகமே வாடிப்போயிருக்குது. எனக்காக எத்தினி நாளு அலைஞ்சிருப்பே.” உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். “எம்மா, காலேஜு ஒண்ணும் துன்னல போலக்குது. அடை சூடா போட்டுக் குடு.”

அவளே தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். முருங்கைக்கீரை போட்ட அடை. பக்கத்தில் உட்கார்ந்து வெல்லத்தைப் பொடித்து வைத்தாள். நான் சாப்பிட்டேன். இன்னொன்று வேண்டுமா என்று கேட்டாள். வேண்டும் என்றேன்.